வாய் மூடிய பிறகு ஒரு 'ங்க'

குரல் கலைஞர் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் அவரைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது: "குரல் வயது இருபத்தைந்து. இயல்பு: செல்வச் செருக்கு, துள்ளல், பெண்களைக் கவிழ்க்கும் குறும்பு. பொருத்தமான வேடங்கள்: கோடீஸ்வரர் மகன், பந்தயக் கார் ஓட்டுபவர், நிச்சயமான கல்யாணத்திலிருந்து தப்பி ஓடுபவர்."

பதிவேடு பொய் சொல்லவில்லை. குரலைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டது. குரலுக்குச் சொந்தக்காரருக்கு வயது நாற்பத்தாறு. காதோரம் இரண்டு பக்கமும் விசுவாசமாக ஒட்டிக்கொண்டிருந்த முடியைத் தவிர மற்றதெல்லாம் எப்போதோ விடைபெற்றுவிட்டது. ஓட்டத் தெரிந்த ஒரே வாகனம் சைக்கிள். அதையும் மேடு வந்தால் இறங்கித் தள்ளுவார்.

வாரநாட்களில் அவருக்கு மின் அலுவலகத்தில் புகார் தொலைபேசியை எடுக்கிற வேலை. "சொல்லுங்க, எத்தனை மணியிலேருந்து உங்க வீட்டுல கரண்ட் இல்ல?" என்று அந்தக் குரல் கேட்டால், கரண்ட் வந்த பிறகும் சிலர் ஃபோனை வைக்க மாட்டார்கள். ஒரு அம்மாள் வாரம் இரண்டு முறை, விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிற வீட்டிலிருந்து கூப்பிட்டு இருட்டாக இருக்கிறது என்பார். அதற்கும் இவர் எண் போட்டுப் பதிவு செய்துகொள்வார். எதிர்முனையில் எட்டு வயதுக் குழந்தை பேசினாலும் 'நீங்க'தான். வீட்டில் அக்காவைத் தவிர இந்த உலகத்தில் யாரையும் அவர் 'நீ' என்றதில்லை.

சனி, ஞாயிறுகளில் மட்டும் ஒலிப்பதிவுக் கூடம். வெளிநாட்டுப் படங்கள் நம் பேச்சுக்கு மாறும் இடம். ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு, கெட்டுச் சீரழிந்த பணக்காரப் பிள்ளை, ஒருத்தி கண்ணில் பட்டுத் திருந்துகிற படம் ஒன்று ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் இவர்தான் குரல். இவர் வாயால் திருந்தியவர்கள் மட்டும் முப்பத்தொரு பேர். கூடத்தில் அவரை 'மைனர்' என்று கூப்பிடுவார்கள். முதலில் கேலியாக ஆரம்பித்தது, பிறகு மரியாதை சேர்ந்து 'மைனர் சார்' ஆனது. தன் பெயரை விட்டுவிட்டு அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார்.

நாயகிகளுக்குக் குரல் கொடுக்கிறவர் முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியையாக இருந்தவர். அதனால் 'டீச்சர்'. வயது நாற்பத்து மூன்று. தனி ஆள். ஆறு வருடத்தில் மைனரின் குரலும் டீச்சரின் குரலும் பத்தொன்பது படங்களில் காதலித்து, சண்டை போட்டு, மழையில் நனைந்து சேர்ந்துகொண்டன. ஆனால் டீச்சர் பங்கு காலையில் பதிவாகும், மைனர் பங்கு மத்தியானம் பதிவாகும். நடுவில் நடைபாதையில் சந்தித்துக்கொண்டால் இரண்டு பேரும் பேசியது பெரும்பாலும் உள்ளே ஏ.சி. வேலை செய்கிறதா என்பதைப் பற்றித்தான். இவ்வளவையும் வைத்துக்கொண்டு மைனர் மனதுக்குள் ஒரு குடும்பமே நடத்திவந்தார் என்பது அவருடைய அக்காவுக்கு மட்டும் தெரியும்.

அந்த வாரம் புதன்கிழமை செய்தி வந்தது. டீச்சரை வேறு ஊரில் இருக்கும் அண்ணன் கூப்பிடுகிறாராம், அவர் இப்போது பதிவாகிற படத்தோடு தொழிலை விட்டுவிட்டு அடுத்த வாரம் அங்கேயே போய்விடப் போகிறாராம். மைனர் அன்று சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தார். கழுவிய தட்டை எடுத்து மறுபடி கழுவினார்.

"போய்ச் சொல்லித் தொலையேன்டா," என்றாள் அக்கா.

"என்னத்தக்கா சொல்றது?"

"மைக்ல வாய் கிழியச் சொல்றியே, அதத்தான்."

"அது எழுதிக் குடுத்தது."

"அப்ப நான் எழுதித் தரேன். பேனா எங்க?"

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு கடைசிக் காட்சி. ஏழு காருக்குச் சொந்தக்காரனான நாயகன், தன் நாய்க்கு வைத்தியம் பார்த்த பெண்ணின் வாசலில் வந்து நின்று, உன்னை விட்டால் எனக்குக் கதி இல்லை என்கிறான். அவள் நடுநடுவே அவனை வெட்டிப் பேசுகிறாள். ஒருவர் பேச்சு மேல் ஒருவர் பேச்சு ஏறுவதால், ஆறு வருடத்தில் முதல் தடவையாக இருவரையும் ஒரே அறையில் ஒரே மைக் முன்னால் நிறுத்தினார்கள். மேற்பார்வைக்கு வசனகர்த்தா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர்.

வசனம் சுருக்கமானது: "நீ இல்லாத வீட்டுல எத்தனை ரூம் இருந்து என்ன?"

திரையில் அவன் வாய் திறந்தது. மைனர் பக்கத்தில் நின்ற டீச்சரைப் பார்த்தார். "நீங்க இல்லாத வீட்டுல..."

"கட்," என்றார் ஒலிப்பதிவாளர். "சார், 'நீ'."

"மன்னிக்கணும்."

இரண்டாவது டேக். "நீங்க இல்லாத..."

"சார், அவன் உதடு 'நீ'யிலயே ஒரு நொடி மூடிடுது. அந்த 'ங்க' மட்டும் தனியா காத்துல மிதக்குது."

ஐந்தாவது டேக்கில் மைனர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஏழாவதில் 'நீ' என்று சரியாகத்தான் தொடங்கினார். ஒரு நொடி நின்று, விட்டுப்போனதைத் திருப்பிக் கொடுப்பதுபோல 'ங்க' என்று பின்னால் சேர்த்தார்.

வசனகர்த்தா தலையில் கை வைத்தார். "என்ன மைனர் சார், ஆறு ரீலும் வாடி போடின்னு வெளுத்துக் கட்டினீங்க. கிளைமாக்ஸ்ல வந்து புகார் எண் குடுக்கறீங்களே! கோடீஸ்வரன் சார் இவன். அப்பனையே 'யோவ்'ங்கறவன்."

"அந்த வார்த்தையே இல்லாம சொல்லிட்டா?" என்று மைனர் ஈனசுரத்தில் கேட்டார்.

வசனகர்த்தா பென்சிலை எடுத்து, அடித்து, எழுதிக் கொடுத்தார்: "என்னோட வந்துடுவியா?"

"என்னோட வந்துடுவீங்களா?" என்றார் மைனர்.

வார்த்தையைத் தூக்கி வெளியே போட்டாலும் அது விகுதி வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. நம் இலக்கணத்தில் மரியாதைக்கு எந்தக் கதவையும் சாத்த முடிவதில்லை. வசனகர்த்தா பழைய வரியையே திரும்பப் போட்டார்.

பன்னிரண்டாவது டேக்கில் டீச்சர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். "நான் நிக்கறதுதான் சாருக்குச் சங்கடம்னு நெனைக்கறேன். அவர் பங்கை முதல்ல எடுத்துடுங்க. என் பங்கை அப்புறம் மேல ஒட்டிக்கலாம்." கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார்.

திரை ஓடியது. எதிரே மைக்கும் சுவரும்தான். மைனர் மூச்சை இழுத்து, "நீ இல்லாத வீட்டுல எத்தனை ரூம் இருந்து என்ன?" என்றார். ஒரே டேக். திமிரும் தழுதழுப்பும் சரிபாதி. அந்தக் குரலைக் கேட்டால் நாய்கூட அவனை மன்னித்திருக்கும்.

யாரும் கைதட்டவில்லை. ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒலிபெருக்கியில் மெதுவாகச் சொன்னார்: "சார், ஆள் வெளிய போனதும் வார்த்தை வந்துடுச்சு."

"ஆமா."

"அப்ப வராம நின்னது யாருக்காகன்னு எனக்கே புரிஞ்சுபோச்சு. நான் மெஷினைத்தான் பார்த்துட்டு இருக்கேன். அவங்க உங்க மூஞ்சியையே பார்த்துட்டுப் போயிருக்காங்க."

வசனகர்த்தா ஒன்றும் புரியாமல், "என்ன, என்ன?" என்றார்.

"டீ சாப்பிடப் போலாம் வாங்க," என்று ஒலிப்பதிவாளர் அவரைக் கையைப் பிடித்துப் பின்கதவு வழியாக இழுத்துக்கொண்டு போனார்.

மைனர் நடைபாதைக்கு வந்தார். டீச்சர் இரும்பு பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சுதா?"

"ம். ஒரே டேக்."

"கேட்டுச்சு. கதவு சரியா மூடலை." டீச்சர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தவர்போல நிமிர்ந்தார். "சுவத்தைப் பார்த்து 'நீ'ன்னு சொல்ல முடியுது. என்னைப் பார்த்து ஏன் வரலை? நான் என்ன பிரம்பு வெச்சிருக்கேனா?"

மைனர் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். வசனம் எழுதிய தாள் உள்ளேயே இருந்தது. அக்கா எழுதித் தருகிறேன் என்றதை வாங்கி வந்திருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"இல்லீங்க... 'நீ'யெல்லாம் முப்பது பொண்ணுங்ககிட்ட சொல்லியாச்சு. யாரோ எழுதினது, யாருக்கோ சொன்னது. என்னோடதுன்னு மிச்சம் இருக்கறது இந்த 'நீங்க' ஒண்ணுதான். அத வெச்சுத்தான் கேக்கணும்னு..." குரல் உடைந்தது. வயது நாற்பத்தாறு என்று நன்றாகத் தெரிந்தது. "நீங்க போகாதீங்க. நாம கல்யாணம் பண்ணிக்கலாங்களா?"

டீச்சர் கொஞ்ச நேரம் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"படத்துல இதுக்கு நான் அழணும்," என்றார்.

"வேண்டாங்க."

"வரவும் இல்லை." சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டார். "ஆறு வருஷமா ஏ.சி. பத்தியே பேசினீங்களே, ஐயா! நானும் இன்னிக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார்னு பார்த்து, கடைசியில டிக்கெட்டே எடுத்துட்டேன்."

"டிக்கெட்டா?"

"புதன்கிழமை பஸ். அதை ரத்து பண்ணணும்னா நேர்ல போய் நிக்கணும். அந்த வரிசையில நிக்க எனக்குக் கால் தாங்காது."

பதிவு மறுபடி தொடங்கியபோது டீச்சர் அழவேண்டிய இடத்தில் சிரித்துத் தொலைத்தார். நான்கு டேக் வீணாயிற்று. வசனகர்த்தா பென்சிலைத் தூக்கி எறிந்தார்.

திங்கட்கிழமை காலை மைனர் மின் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பேருந்து நிலையத்துக்குச் சைக்கிளில் போய், ஒன்றேகால் மணி நேரம் வரிசையில் நின்று, டீச்சரின் டிக்கெட்டை ரத்து செய்தார்.