வாளியில் பிடித்த தண்ணீர்

ஆஸ்டின் பக்கத்தில் எங்கள் ஊரில் மின்சாரமும் தண்ணீரும் ஊர்மக்களுக்கே சொந்தம். தனியார் கம்பெனி கிடையாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பில் வரும். அதன் அடியில் மாதாமாதம் ஒரு வரி இருக்கும்: நீங்கள் வாடிக்கையாளர் மட்டுமல்ல, உரிமையாளரும்கூட. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டிப் படித்து, அதை நம்பினேன்.

பயம் எனக்குக் கூடப் பிறந்தது. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் காரைத் திருப்பச் சொல்கிறவள். குளிரில் எதிர்வீட்டுக் குழாய் வெடித்துக் கூரை இறங்கியதைப் பார்த்த பிறகு கேட்கவா வேண்டும்! போன பிப்ரவரியில், உறைபனி நாட்களில் தண்ணீர் உறைந்து வெடிக்காமலிருக்கக் குழாயைச் சொட்ட விடுங்கள் என்று ஊர் அலுவலகத்தார் கதவில் சீட்டு மாட்டிப் போனார்கள். நான் அவர்கள் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. டிசம்பரில் தொடங்கி பிப்ரவரி முடிய, வெயில் அடித்த நாளிலும், ஐந்து குழாயையும் பென்சில் கனத்துக்கு ஒழுக விட்டிருந்தேன்.

ஒழுகும் தண்ணீரைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற கை இது. ஒவ்வொரு குழாயின் கீழும் வாளி. போதாததற்குப் பெருநாளுக்குப் பிரியாணி ஆக்கும் பெரிய தேக்சா. காலையில் அத்தனையையும் தூக்கிப் போய் வேலியோர மரத்துக்கும் காய்ந்த புல்லுக்கும் ஊற்றுவேன்.

ஏப்ரல் பில்லில் கழிவுநீர்க் கட்டணம் இரட்டிப்பாகி இருந்தது.

அலுவலகக் கவுண்டரில் இருந்த பெண்மணி பொறுமையாக விளக்கினாள். உள்ளே வரும் தண்ணீருக்குத்தான் மீட்டர், வெளியே போகும் கழிவுக்குக் கிடையாது. குளிர்காலத்தில் யாரும் புல்லுக்கு ஊற்றமாட்டார்கள். ஆகவே அந்த மூன்று மாதத் தண்ணீர் முழுக்கக் கழிவாகப் போனதாக எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சராசரிதான் ஒரு வருஷத்துக்குக் கணக்கு.

“நாட் டிரெயினேஜ். பக்கெட். ஐ கேரி,” என்றேன்.

“நோபடி டஸ் தட், ஹனி,” என்று சிரித்தாள்.

நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அது நெஞ்சில் முள்ளாக நின்றது.

வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். “கட்டிட்டு விடும்மா. கிரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்கறப்ப கவர்ன்மென்ட்டோட எதுக்கு ஆர்க்யூ பண்ணணும்?”

“நம்ம கம்பெனிங்க. ஓனர்னு பில்லுலயே போட்ருக்கான்ல?”

“அது சும்மா போடறது.”

“சும்மா போடறவன், சும்மா இருக்கறவங்களுக்குப் போடட்டும்.”

“உம்மா, ப்ளீஸ், டோன்ட் கோ!” என்றாள் மகள். தேக்சாவும் வாளிகளும் குளியல் தொட்டியில் அணிவகுத்து நின்றதைக் கேலிக்குப் படமெடுத்து, குடும்பக் குரூப்பில் போட்டவளே அவள்தான். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு போனேன்.

அலுவலகத்தின் மாதக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம். என் பெயரைக் கூப்பிடுவதற்குள் மூன்று முறை பாத்ரூம் போய்வந்தேன். மைக்கின் முன்னால் போய் நின்றேன். படத்தைத் தூக்கிப் பிடித்தேன்.

“திஸ் வாட்டர் நெவர் கோ டு யுவர் டிரெயினேஜ். யூ சார்ஜ் டிரெயினேஜ். வொய்?”

மேடையில் இருந்த பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “எவ்ரி மார்னிங்?” என்றார்.

“எவ்ரி மார்னிங். யூ கம், யூ லிஃப்ட்.”

கூடம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நேரம் முடிந்து மணி அடித்தது. “ஐ ஆம் ஓனர்,” என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. உறைபனிச் சீட்டு மாட்டிய பிப்ரவரியை மட்டும் கணக்கிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். மற்ற இரண்டு மாதங்களும் அப்படியே.

“ஒண்ணு கெடச்சுதுல்ல, போதும்,” என்றார் வீட்டுக்காரர்.

“மூணு மாசம் தூக்கினேன். ஒரு மாசத்துக்குத்தான் முதுகு வலிச்சுதா?”

அடுத்த கூட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். இந்த முறை தேக்சாவையே எடுத்துப் போகிறேன். வாசலில் உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று இப்போதே இரண்டு முறை மகளிடம் கேட்டுவிட்டேன். இருந்தாலும் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.