அட்டைக்கு என்னைத் தெரியாது

போன மாதம் ஒரு கள்ள வேலை செய்தேன். என் கையெழுத்தை நானே போலியாகப் போட்டேன்!

சிரிக்காதீர்கள். மூன்று தரம் தோற்று, நாலாம் தரம்தான் சரிவந்தது.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அக்கா பவளத்துக்கு முழங்கால் ஒப்பரேசன். நாள் குறித்தாயிற்று, ஆஸ்பத்திரிக்கு முன்பணம் கட்ட வேண்டும். அக்கா ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. சம்பளத்தில் மிச்சம் பிடித்தது அங்கே ஒரு வங்கியில் நிலையான வைப்பில் கிடக்கிறது. எடுத்துக் கட்ட வேண்டியதுதானே? முடியாது. அந்தக் கணக்கில் என் பெயரும் இருக்கிறது. இருவரும் கையெழுத்து வைத்தால்தான் முதல்தொகை வெளியே வரும்.

என் பெயர் ஏன்? அப்பாவின் ஏற்பாடு. "பொம்பிளைப் பிள்ளையின்ர காசு. ஒரு ஆம்பிளையின்ர கையெழுத்தும் இருக்கட்டும்" என்றார், அக்கா வேலைக்குப் போன புதிதில். அந்த ஆம்பிளைக்கு அப்போது இருபத்தொரு வயது, சம்பாத்தியம் பூச்சியம். அடுத்த வருடமே நாட்டை விட்டுக் கனடாவுக்கு வந்துவிட்டேன். அக்கா நாற்பது வருடமாக வட்டியை மட்டும் எடுத்திருக்கிறார். எனக்கோ அப்படி ஒரு கணக்கு இருப்பதே மறந்துபோயிற்று.

"நான் இங்கயிருந்து அனுப்பிவிடுறன், அக்கா."

"என்ர காசு பாங்கில கிடக்கேக்க, நான் ஏன் உன்ர காசில நடக்கவேணும்?"

வங்கியின் படிவத்தை அனுப்பச் சொன்னேன்.

மில்லிக்கன் பிளாஸாவில், புடைவைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சட்டத்தரணிக்கு முன்னால் கையெழுத்து வைத்து, படிவத்தைக் கூரியரில் அனுப்பினேன். கையெழுத்து பொருந்தவில்லை என்றார்கள் வங்கியில். இனி முதலில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். இரண்டு தரம் அனுப்பினேன். அதுவும் இல்லை.

எப்படிப் பொருந்தும்? கணக்குத் திறந்தபோது மாதிரிக்கு வைத்து, வங்கி தன் அட்டையில் வைத்திருப்பது இருபத்தொரு வயதுத் தமிழ்க் கையெழுத்து. இங்கே வந்து, கையுறையோடு பார்சலுக்குக் கையெழுத்து வைத்து வைத்து, என் பெயர் இரண்டு கோடும் ஒரு சுழியுமாகத் தேய்ந்துவிட்டது. பழையது சத்தியமாக ஞாபகமில்லை. அட்டையைக் காட்டவும் வங்கி சம்மதிக்காது... காட்டினால் யாரும் பார்த்துப் போடலாமே!

வங்கி அதிகாரி ஒரு இளம்பெண். வட்ஸ்அப்பில் முகம் பார்த்தே பேசினார்.

"அங்கிள், நீங்கள்தான் எண்டு எனக்கு வடிவாத் தெரியும். பவளம் ரீச்சர் எனக்குப் படிப்பிச்சவ. ஆனா கையெழுத்துக் காட் உங்களைத் தெரியாது எண்டெல்லோ சொல்லுது?"

சின்ன நாட்டு வங்கிகளின் விசித்திரம் இது. கவுண்டரில் இருப்பவருக்கு உங்கள் மூன்று தலைமுறையும் தெரியும் — ஆனால் நம்ப மாட்டார். ரொறொன்ரோவில் என் வங்கிக்கு நான் ஆரென்றே தெரியாது — போனில் பெருவிரலை வைத்தால் போதும், நம்பிவிடும். எது மேல்? அந்தப் பிள்ளையைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சிரித்த முகத்தோடு அக்காவின் காசைச் சுருட்ட வரும் தம்பிமாரும் உலகத்தில் இருக்கிறார்கள்தானே?

ஒப்பரேசனுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. நாளைத் தள்ளிப் போடுவோமா என்று அக்காவைக் கேட்டேன்.

"நாலு நாளா வாசல்படி இறங்க ஏலாமல் உள்ளுக்கயே இருக்கிறன்டா."

அக்கா வலியென்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிறகு அவரே கேட்டார்: "றிப்போட் காட்டில அப்பான்ர கையெழுத்தை நீயே வைப்பியே, நினைவிருக்கே?"

"அது ஏன் இப்ப?"

"உன்ர கையெழுத்தும் அதே மாதிரித்தானேடா இருந்தது. களவாப் போட்டுப் போட்டுக் கை பழகிப்போச்சு."

உண்மைதான். கணக்கில் வாங்கிய பதினெட்டுப் புள்ளியை அப்பாவிடம் மறைக்க அப்படியொரு பயிற்சி! பேனையை எடுத்து, சுப்பர்மார்க்கெட் விளம்பரத் தாளின் ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பார்த்தேன். கை தானாகவே முதல் எழுத்தை வளைத்து, கடைசி எழுத்தைக் கீழே நீட்டி, அடியில் புள்ளியாக இரண்டு குத்துக் குத்தியது. அப்பாவின் அதே இரண்டு குத்து.

படம் எடுத்து அனுப்பினேன்.

"அங்கிள், காட் ஓம் எண்டுது!"

படிவத்தில் அதை வைக்கப் போனபோது சட்டத்தரணிதான் முழித்தார். "அண்ணை, லைசன்ஸில வேற கையெழுத்தெல்லோ?" இரண்டையும் வைத்தேன். பெருமூச்சு விட்டபடி முத்திரை குத்தினார்.

காசு வந்து, ஒப்பரேசனும் முடிந்தது. அக்கா இப்போது வோக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறார்.

முந்தாநாள் அவரிடமிருந்து இன்னொரு படிவம் வந்தது. கணக்கிலிருந்து என் பெயரை நீக்குவதற்கு!

"என்னோட கோவமே, அக்கா?"

"கோவமில்லையடா. மற்ற முழங்காலும் இருக்கெல்லோ."

அதிலும் அந்தப் பழைய கையெழுத்தையே வைத்தேன், இரண்டு குத்தோடு.

அப்பா சொன்ன அந்த ஆம்பிளையின் கையெழுத்து அக்காவுக்கு உண்மையாகவே உதவியது... கணக்கை விட்டுத் தானே விலகிக்கொண்டபோதுதான்.