அட்டைக்குப் பயந்த பேய்

என் அண்ணன் பேயாக நடித்த படத்தின் கதையை எழுதியவள் நான். படம் என்று நான் சொன்னால் நீங்கள் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கல்யாண வீடியோ எடுக்கிறவனிடம் இரவல் வாங்கிய கேமரா, யாருடைய கல்யாணத்தையோ பாதி அழித்த பழைய வீடியோ கேசட், கதை எழுதிய என் பள்ளிக்கூடக் கொப்பி, நடிக்க நாலு பேர். எங்கள் கம்பனி அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் இலங்கை மலைநாட்டில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசையில் இருந்தோம். எனக்குப் பதினேழு வயது, அண்ணனுக்குப் பத்தொன்பது. அவன் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தான். மற்ற வீட்டுப் பையன்கள் லீவில் வந்தால் பிஸ்கட்டும் அம்மாவுக்குச் சீலையும் கொண்டு வருவார்கள். இவன் நடைபாதையில் வாங்கிய ஹெவி மெட்டல் கேசட்டுகளோடு வந்து இறங்குவான். மண்டையோடு போட்ட கறுப்பு டீ-சேர்ட், தோளைத் தொடும் முடி. "செத்த வீட்டுக்குப் போறவன் மாதிரி வந்து நிக்கிறியேடா" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்தப் பாட்டுகளில் ஒரு வரியும் எங்களுக்கு விளங்காது. விளங்காதது வசதியாகவே இருந்தது. பிறந்ததிலிருந்து தோட்டத்துக் கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் மனேஜர் துரைக்கும் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிய கூட்டத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். எவனோ ஒருவன் தொண்டை கிழியக் கத்துவதைக் கேட்டால் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. அண்ணனும் அதே லயத்துப் பையன்கள் இரண்டு பேரும் நானும் கேசட் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து தலையை ஆட்டுவோம். பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டுவார்கள். நாங்கள் சத்தத்தைக் கூட்டுவோம்.

படத்தின் கதையும் எங்களைப் பற்றியதுதான். நாலு மெட்டல் பைத்தியங்கள் லயத்தில் கேசட் போடுகிறார்கள். சத்தம் தாங்காமல், தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கு அடியில் நூறு வருசமாகத் தூங்கிய ரத்தம் குடிக்கும் பேய் எழும்பி வருகிறது. விடிந்ததும் அது வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் வந்து நிற்க, கங்காணி அதையும் வேலைக்கு வந்த ஆள் என்று நினைத்து, "ஏன் லேட்டு?" என்று திட்டி, கூடையைக் கட்டி மலைக்கு அனுப்பிவிடுகிறார். அங்கே அட்டைகள் பேயின் காலில் ஏறுகின்றன. ரத்தம் குடிக்க வந்த பேய், தன் ரத்தம் போகிறதே என்று அலறிக்கொண்டு ஓடுகிறது.

அப்பாவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, முகத்தில் அடுப்புக்கரியும் வாயில் பீட்ரூட் சாறும், கையில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியுமாக அண்ணன் தேயிலைக்குள் ஓடினான். நிஜ அட்டைகள் நிஜமாகவே கடித்தன. அவன் போட்ட கூச்சலில் நடிப்பே இல்லை. கேமராவோடு தானும் வந்து படம் பிடித்த கல்யாண வீடியோக்காரன் சிரித்த சிரிப்பில் படம் முழுக்க ஆடியிருக்கும்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசிக் காட்சி தவிர எல்லாம் எடுத்துவிட்டோம். மிச்சத்தைத் தீபாவளி லீவில் முடித்து, டீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, லயம் முழுவதற்கும் போட்டுக் காட்டுவது திட்டம். கேசட்டை என் பெட்டிக்குள் பத்திரப்படுத்தினேன். முடிவு சப்பென்று இருக்கிறது, நான் மாற்றி எழுதுகிறேன் என்று அண்ணன் கொப்பியைக் கேட்டான். சண்டை போட்டுத்தான் கொடுத்தேன். திங்கள் காலை கொழும்பு பஸ் ஏறினான்.

அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் காட்டுவேன். மெட்டல்காரர்கள் சொந்தப் பெயரில் பாடமாட்டார்கள் என்று அண்ணன் சொன்னதால் எல்லோருக்கும் ஒரு புதுப்பெயர் வைத்திருந்தேன். இடப்பக்கம் சொந்தப் பெயர், வலப்பக்கம் எலும்பன், கல்லறை, இடி, நரி. நரி நான். அதற்குக் கீழே யார் எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்ற விவரம்: பாலத்தடி, ஸ்டோருக்குப் பின்பக்கம், துரை பங்களா வளைவு. அடுத்த பக்கத்தில், பேய் கொல்லத் திட்டம் போடும் ஆட்களின் வரிசை, 'சாகிறவர்கள்' என்ற தலைப்போடு. முதலில் கங்காணி, அப்புறம் கணக்கப்பிள்ளை, கடைசியில் துரை. கோடு போட்டு, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தேன்.

வடக்கே யுத்தம் நடந்துகொண்டிருந்தது; தமிழ்ப் பையனின் பையில் ஒரு துண்டுக் கடதாசி இருந்தாலும் விரித்துப் பார்க்கிற காலம் அது. ஆயுதம் தூக்கிய இயக்கத்துக்காரர்களுக்கு இரண்டு பெயர் இருக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் எழுதும்போது ஒரு நிமிடம்கூட அது தோன்றவில்லை. அந்தப் பதினேழு வயதுக்காரி இப்போது கையில் கிடைத்தால் கன்னத்தில் ஒன்று வைப்பேன்.

அதே பஸ்ஸில் போன பக்கத்து லயத்து மாமா மத்தியானமே திரும்பி ஓடி வந்தார். வழியில் செக்பொயின்ட்டில் எல்லோரையும் இறக்கியிருக்கிறார்கள். "தலமுடியப் பாத்துட்டு இவன மட்டும் தனியா நிறுத்துனாங்க. பையில இருந்து ஒரு கொப்பிய எடுத்தாங்க. அப்புறம் ஜீப்புல ஏத்திட்டாங்க" என்றார். அப்பா போட்ட உடுப்போடு தோட்டத்து யூனியன் தலைவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. யாரையாவது பிடித்துவிட்டால், ஆண்கள் பொலிசுக்கு ஓடுவார்கள், பெண்கள் அடுப்பை மூட்டுவார்கள். போட்டோ, கடிதம், விலாசம் எழுதிய துண்டு, எதுவானாலும் தீயில் போய்விடும். என் தாய்மாமாவைப் பிடித்தபோது சுவரில் தொங்கிய காலண்டரையும் எரித்தார்கள். "அவன் சாமான் ஒண்ணு விடாம எரிச்சிரு புள்ள, வந்து பாப்பானுங்க" என்றாள் அம்மா. பாட்டுக் கேசட்டுகளை அடுப்பில் போட்டேன். மண்டையோட்டு டீ-சேர்ட்டைப் போட்டேன். பிறகு என் பெட்டியைத் திறந்து வீடியோ கேசட்டை எடுத்தேன். அதில் அண்ணன் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு கத்தியோடு ஓடுகிறான் என்பது மட்டும்தான் அப்போது என் தலையில் இருந்தது. அதையும் போட்டு, முழுசாக எரியவில்லை என்று குச்சியால் குத்திக் குத்தி எரித்தேன். அண்ணனைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் அப்பா வந்தார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "பயப்பட ஒண்ணுமில்ல. அது பேய்ப் படம்னு அவன் சொல்லியிருக்கான். அப்ப அந்தப் படத்தக் கொண்டாங்க, பாத்துட்டு விட்டுர்றேன்னு பொலிசுப் பெரிய ஐயா சொல்றாரு. எங்கம்மா அந்த டேப்பு?"

அம்மா அடுப்பைப் பார்த்தாள். அப்பா அப்படியே குந்திவிட்டார். அவர் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. "எரிச்சோம்னு வெளிய மூச்சு விட்றாதீங்க. எரிச்சாங்கன்னா என்னமோ இருந்திருக்குன்னு ஆயிரும்" என்றார்.

மறுநாள் நானும் அப்பாவோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். வீடியோக்காரன், நான் எதையும் எடுக்கவில்லை என்று கையை விரித்துவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அதிகாரியிடம், கொப்பியில் எழுதியது நான்தான், கதையை நடித்தே காட்டுகிறேன் என்று பாதிச் சிங்களத்திலும் பாதித் தமிழிலும் சொன்னேன். தமிழ் தெரிந்த ஒரு சார்ஜன் மொழிபெயர்த்தார். மேசைக்கு முன்னால் கங்காணியாக நின்று பேயைத் திட்டினேன். பேயாக மாறிக் கூடையைச் சுமந்தேன். காலைத் தூக்கித் தூக்கி அட்டையைப் பிய்த்தேன். சார்ஜன் முதலில் சிரித்தார். வாசலில் இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்து நின்று சிரித்தார்கள். அதிகாரியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆச்சு, அண்ணனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று நினைத்தேன். உள்ளே எங்கேயோ இருக்கிற அவனுக்குக் கேட்கட்டும் என்று இன்னும் பலமாக அலறினேன்.

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். "கதை ஷோக்கா இருக்காம். டேப் எங்கன்னு கேக்கிறாரு" என்றார் சார்ஜன்.

"தொலைஞ்சு போச்சு சேர்."

"எங்க தொலைஞ்சது?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரியின் முகத்தில் சிரிப்பு இல்லை. கொப்பியை மூடி மேசை லாச்சிக்குள் வைத்தார்.

ஒரு வருசமும் நாலு மாதமும் அண்ணன் உள்ளே இருந்தான். குற்றம் என்னவென்று சொல்லாமலே பிடித்தார்கள், சொல்லாமலே விட்டார்கள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். இடது காது கேட்கவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. முதல் நாள் சோற்றில் கை வைத்ததும், "டேப்பக் குடுத்தீங்கதானே?" என்றான். விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும், வீட்டில் டேப் இருக்கிறது, தங்கச்சி கொண்டு வருவாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே, "மறுநாளே குடுத்தோமேப்பா. அவனுங்கதான் தொலைச்சுப்புட்டானுங்க" என்றாள். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன். அவ்வளவு சோற்றையும் சாப்பிட்டேன் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அம்மாவும் அப்பாவும் இப்போது இல்லை. அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள். போன தீபாவளிக்கு அவர்களுக்குப் பேய்க் கதையைச் சொல்லிவிட்டு, "பொலிஸ்காரனுங்க மட்டும் அந்த டேப்பத் தொலைக்காம இருந்திருந்தா இன்னைக்குப் போட்டுக் காட்டியிருப்பேன். வேணும்னா அத்தையக் கேளுங்க, அவ கையாலதான் குடுத்தா" என்றான். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். அவனும் கேட்கிற காதை என் பக்கம் திருப்பினான்.

"ஆமா, நான்தான் குடுத்தேன்" என்றேன்.