மச்சானின் போட்டுக்கு மரம் மாற்றிய கதை

மலையில் பிறந்தவர்களுக்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை, நானும் அந்தக் கூட்டம்தான். எங்களுக்கு லொறி தெரியும், பஸ் தெரியும், தேயிலைக் கொழுந்துச் சாக்கு ஏற்றும் டிராக்டர் தெரியும். டேம் கட்டிப் பள்ளத்தாக்கில் தண்ணீர் நிறைந்த பிறகுதான் எங்கள் ஆட்கள் படகு ஏறப் பழகினார்கள். அதனால் படகையும் ஒரு லொறியாகத்தான் நினைத்துக்கொண்டோம். தண்ணீரில் ஓடும் லொறி, அவ்வளவுதான். அந்த நினைப்பு எங்களை எங்கே கொண்டுபோய் வைத்திருந்தது என்று ஒரு நாள் கண்ணால் பார்த்தேன். இன்றைக்கும் அதை மறக்க முடியவில்லை.

என் அக்கா குடியிருக்கும் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, டேமுக்கு இந்தக் கரையில் இருக்கிறது. பள்ளிக்கூடம், டிஸ்பென்சரி, அக்கா தேயிலை பிரிக்கும் ஃபேக்டரி, ஹட்டனுக்குப் போகிற பஸ் எல்லாம் அந்தக் கரை. ரோட்டால் போவதென்றால் இரண்டு மலை ஏறி இறங்க வேண்டும். மழைக்காலத்தில் அட்டை வேறு. தண்ணீரில் போனால் ஒரு வாய் வெற்றிலை போட்டு மென்று துப்புவதற்குள் அக்கரை வந்துவிடும். அக்காவின் புருஷன், அதாவது என் மச்சான், பழைய பைபர் போட், அதாவது கண்ணாடியிழைப் படகு ஒன்றை நீர்கொழும்புப் பக்கமிருந்து லொறியில் ஏற்றிவந்து இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக ஓட்டுகிறார். கடலில் உழைத்துக் களைத்து, ஓய்வுக்கு மலைக்கு வந்த போட் என்று நாங்கள் கேலி செய்வோம். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் அதில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். அக்காவும் அவள் மகளும் அதில்தான்.

நான் வத்தளையில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் ஒரு இடத்தில் பைபர் வேலை பழகியவன். சாமான் விலை ஏறி அந்த இடம் மூடப்பட்ட பிறகு ஊருக்கு வந்து, ஹட்டனில் உடைந்த தண்ணீர் டாங்கிக்கும் திரீவீலுக்கும் ஒட்டுப் போட்டுப் பிழைக்கிறேன். பள்ளிக்கூட லீவு விட்ட வாரம் மச்சான் போன் எடுத்தார்.

“மாப்ள, போட்டுல தளம் ஒரு எடத்துல கொஞ்சம் மெத்துனு இருக்கு. வந்து ஒரு ஒட்டு போட்டுக் குடுத்துட்டுப் போ. லீவு முடியறதுக்குள்ள ஓட்டணும்.”

மெத்தென்று இருக்க அது என்ன பஞ்சணையா என்று சிரித்துக்கொண்டே போனேன்.

லயத்து ஆண்கள் கயிறு கட்டி இழுத்துப் போட்டைக் கரையேற்றியிருந்தார்கள். நீலமும் மஞ்சளுமாக புதுப் பெயிண்ட். கல்யாண மாப்பிள்ளை போல நின்றது. நான் உள்ளே இறங்கி ஒரு எட்டு வைத்தேன். குதிகால் அமுங்கியது. அடுத்த எட்டும் அமுங்கியது. சுத்தியல் பிடியால் தளத்தைத் தட்டிக்கொண்டே முன்னுக்குப் போனேன். மரம் நன்றாக இருந்தால் ‘டக்’ என்று கேட்கும். எனக்குக் கேட்டதெல்லாம் ‘பொத், பொத்’ என்றுதான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பைபர் போட் என்றால் முழுக்க பைபர் இல்லை. அடிவயிற்றில் முன்னாலிருந்து பின்னால் வரை நெடுக மரச்சட்டங்கள் ஓடும். நம் லயத்துக் கூரையில் தகரத்துக்குக் கீழே கைமரம் இருக்கிறதல்லவா, அந்த மாதிரி. அந்தச் சட்டங்களைப் பைபரால் போர்த்தி மூடி, மேலே தளம் போட்டுவிடுவார்கள். தண்ணீர் கீழிருந்து தள்ளுகிற தள்ளை எல்லாம் தாங்குவது அந்த மரம்தான். தாங்குகிற ஆள் கண்ணுக்குத் தெரியமாட்டான்.

தளத்தில் விரித்திருந்த ரப்பர் விரிப்பை உருட்டினேன். நடுவில் ஒரு பலகை ஸ்குரூ போட்டு இறுக்கியிருந்தது. போட்டின் மற்ற சாமான்களைவிட ஸ்குரூ புதிதாகத் தெரிந்தது.

“இது என்னாங்க மச்சான்?”

“முந்தி ஒருக்கா லேசா அமுங்குச்சி. பலகை ஒண்ணு போட்டேன்” என்றார். எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

கிரைண்டரால் தளத்தை வெட்டினேன். முதல் வெட்டிலேயே கறுப்புத் தண்ணீர் என் காலில் பாய்ந்தது. செத்த எலியும் ஊறிய சாக்கும் சேர்ந்த நாற்றம். கயிறு இழுக்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்கள். நான் கையை விட்டு நடுச்சட்டத்தைப் பிடித்தேன். அது என் கையோடு வந்துவிட்டது. மரமாக வரவில்லை. கேத்தலில் ஊறிக் கிடந்த தேயிலைச் சக்கையை அள்ளினால் எப்படி வரும், அப்படி வந்தது. பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. இன்னும் ஒரு முழம் தள்ளிக் கையை விட்டேன், அங்கேயும் அதே. அடுத்த சட்டம், அதற்கடுத்தது, குறுக்குக் கட்டைகள். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்பார்களே, அதுதான். என்ஜின் மாட்டும் பின்பலகை மட்டும் எப்படியோ தப்பியிருந்தது.

வெளியே வந்து போட்டின் அடியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். பால் டின் மூடி மாதிரி உள்ளே போய் வெளியே வந்தது. இந்தக் கோதின் மேல் உட்கார்ந்துதான் வெள்ளை உடுப்போடு பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். டேமின் நடுவில் எத்தனை ஆள் ஆழம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. போட்டைத் தாங்கியது மரமில்லை. பெயிண்ட்தான் தாங்கியது என்று சொல்லவேண்டும்.

அடுத்த திகைப்பு ஆணி. சக்கையை அள்ளி அள்ளிக் கரையில் போட்டபோது அதற்குள்ளிருந்து துரு ஏறிய ஆணிகள் வந்துகொண்டே இருந்தன. கட்டியவன் அடித்த ஆணியில்லை. பைபர் போட்டின் சட்டத்தில் யாரும் ஆணி அடிக்கமாட்டான். மேலிருந்து தளத்தைத் துளைத்து இறங்கிய ஆணிகள்.

“இது எங்கேருந்து வந்துச்சி?” என்று கேட்டேன்.

கரையில் நின்ற தோட்டத்துத் தலைவர் பெருமையோடு சொன்னார். “அது ஆயுத பூசைக்கு அடிச்சது தம்பி. வாழைமரம் கட்டணும்ல.”

எங்கள் பக்கத்தில் ஆயுத பூசை என்றால் சும்மா இல்லை. ஃபேக்டரி மெஷினிலிருந்து தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி வரை சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போடுவோம். லொறிக்கு முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டுவோம். லொறியில் கட்டக் கம்பி இருக்கிறது. போட்டில் கட்ட என்ன இருக்கிறது? ஆணி அடித்தார்கள். வாழைக்கு, தோரணத்துக்கு, சாமி படத்துக்கு. பூசை முடிந்ததும் ஆணியைத் தலையோடு வெட்டிவிட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். அந்தத் தண்ணீர் ஆணி வழியாக மரத்துக்குள் இறங்கி, போர்த்திய பைபருக்குள் வெளியேற வழியில்லாமல் உட்கார்ந்துகொண்டது.

“ஒவ்வொரு வருசமும் வேற எடத்துலயா அடிச்சீங்க?”

“பழைய எடத்துல ஆணி நிக்க மாட்டேங்குதே தம்பி. லொடலொடன்னு போயிருது. அதான் தள்ளித் தள்ளி அடிச்சோம்.”

ஆணி ஏன் நிற்கவில்லை என்று ஒரு ஆளாவது யோசிக்கவில்லை! கோபத்தில் நான் ஏதோ கத்திவிட்டேன். தலைவர் முகம் சுருங்கி, “சாமிக்கு அடிச்ச ஆணி எப்புடிப்பா கெடுதல் செய்யும்?” என்றார். பக்தியோடுதான் அடித்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஆனால் பெரிய இடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. அக்கா தேத்தண்ணிக் கேத்தலோடு லயத்திலிருந்து இறங்கி வந்தாள். மச்சான் அவள் வந்ததைக் கவனிக்கவில்லை. எனக்கு அந்தப் பலகையும் ஸ்குரூவும் நினைவுக்கு வந்தன.

“மச்சான், அந்தப் பலகைய எப்ப போட்டீங்க?”

“போன வருசத்துக்கு முந்துன மழைக்கு.”

“அப்பவே தெரியுமா?”

அவர் கீழே கிடந்த சக்கையைக் காலால் புரட்டினார். “நடு எடம் எறங்குதுன்னு தெரியும் மாப்ள. இம்புட்டு மோசம்னு தெரியாது. அதான் கனத்த ஆளுங்கள பின்னுக்கு அனுப்பிட்டு, புள்ளைங்கள முன்னுக்கு ஒக்கார வெச்சேன். நிப்பாட்டுனா புள்ளைங்க எப்புடிப் போவும்? மழைக்குள்ள அந்த ரோட்டால நடக்கவா?”

இந்த மனிதரை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். ஒரு குடம் தண்ணீரைக்கூடச் சிந்தாமல் வைப்பவர். முழுப் பூசணிக்காயை ரப்பர் விரிப்புக்குக் கீழே மறைத்துவிட்டு இரண்டு மழைக்காலம் போட் ஓட்டியிருக்கிறார். ஓட்டியதோடு நிற்காமல், தினமும் காலையில் தன் பெண்சாதியையும் பெற்ற மகளையும் அதில் ஏற்றிச் சிரித்துக்கொண்டே போயிருக்கிறார்.

அக்கா கேத்தலை ஒரு கல்லின் மேல் வைத்தாள். புருஷனை ஒரு தடவை பார்த்தாள், வெட்டிய தளத்தைப் பார்த்தாள், திரும்பி மேலே ஏறிப் போய்விட்டாள்.

ஒட்டுப் போடும் பேச்சே இனி இல்லை, எல்லா மரத்தையும் மாற்றினால்தான் வேலை செய்வேன், இல்லாவிட்டால் இதைக் கொளுத்திவிட்டுப் போவேன் என்று மச்சானிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். வயிறு தொங்கிவிடாமல் கீழே பழைய டயர்களை அடுக்கி, ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தைத் தொட்டோம். லிந்துலைப் பக்கம் மரம் அறுத்து விற்கும் ஒரு மரக்காலையில் தண்ணீருக்கு ஈடுகொடுக்கும் டர்பன்டைன் மரம் பார்த்து அறுத்து வந்தோம். எங்கள் மலையில் மரம் காய்வதற்குள் மனிதன் காய்ந்துவிடுவான். ஈர மரத்தைப் பைபருக்குள் மூடினால் மறுபடி இதே கதைதான். மச்சான் யாரிடம் போய்க் கெஞ்சினாரோ, ஃபேக்டரியில் தேயிலை காய்கிற டிரையருக்குப் பக்கத்தில் சட்டங்களை அடுக்கி வைக்க விட்டார்கள். தேயிலை வாசத்தோடு காய்ந்து வந்தன.

பனி இறங்கினால் பைபரை ஒட்டும் ரெசின் இறுகாது. தார்ப்பாயால் கூடாரம் கட்டி, உள்ளே குண்டு பல்புகளை எரியவிட்டு, ஒவ்வொரு சட்டத்தையும் முனை வரை ரெசினில் தோய்த்து, பைபர் துணியை மடிப்பு மடிப்பாகப் போர்த்தினோம். பைபர் தூள் தோலில் ஏறினால் ஊசி குத்துவது மாதிரி அரிக்கும். மச்சான் கைகள் சிவந்து வீங்கின. கையுறை போடுங்கள் என்றால் கேட்கவில்லை. தனக்குத் தானே தண்டனை கொடுக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பரிதாபமாகவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

வேலை முடிந்து தளத்தை மூடியதும் அதன் மேல் நான் ஏறிக் குதித்துப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. என் கையால் செய்த வேலைகளில் அதுதான் நல்ல வேலை என்று இன்றைக்கும் சொல்வேன்.

பள்ளிக்கூடம் திறந்த காலையில் தோட்டமே கரைக்கு வந்தது. தலைவர் தேங்காய் உடைத்தார். அழுகிய மரத்தைக் கண்ணால் பார்த்த அதே ஆட்கள் ஒரு தயக்கமும் இல்லாமல் ஏறி உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் இடம் பிடிக்கச் சண்டை போட்டார்கள். ஒருவராவது மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அதுவும் அதிர்ச்சிதான். எங்கள் சனம் இப்படித்தான், பிழைத்துவிட்டால் போதும், எல்லாவற்றையும் மன்னித்துவிடும்.

அக்கா மட்டும் கரையில் நின்றாள். மகளின் கையைப் பிடித்திருந்தாள்.

“ஏறு புள்ள, நேரமாச்சு” என்றார் மச்சான்.

“நாங்க ரோட்டால போறோம்.”

மச்சான் சிரிக்கப் பார்த்தார். “இப்ப யானை ஏறுனாலும் தாங்கும். ஒந்தம்பிகிட்ட கேளு.”

“தாங்கும்னு தெரியுங்க. தம்பி வேலைய நான் மேலருந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்.”

“பொறகு என்னா?”

“நாளைக்கு இன்னொண்ணு மெத்துனு ஆனா, நீங்க எங்கிட்ட சொல்ல மாட்டீங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். மகள் போட்டில்தான் போவேன் என்று அழுதாள். அக்கா அவளை இழுத்துக்கொண்டு தேயிலைக்கு நடுவே போகிற பாதையில் ஏறினாள். போட்டில் இருந்தவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் காலைப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு நேரமாகியிருந்தது. மச்சான் என்ஜினைக் கிளப்பினார்.

போட்டில் ஏறும்படி நான் சொல்லிப் பார்த்தேன், எங்கள் அம்மா சொல்லிப் பார்த்தாள். அக்கா அவரோடு பேசாமல் இல்லை. சோறு போடுகிறாள், காய்ச்சல் என்றால் கஷாயம் வைக்கிறாள். மச்சான்தான் இப்போது ஆளே மாறிவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அடுப்படி வாசலில் உட்கார்ந்து அன்றைய போட்டைப் பற்றி ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிறார். இன்றைக்கு என்ஜின் பிளக் கறுப்பாக இருந்தது, முன்பக்கம் கல்லில் லேசாக உரசிவிட்டது, பெயிண்ட்தான் போயிருக்கிறது, பைபருக்கு ஒன்றுமில்லை, தட்டிப் பார்த்தேன். அக்கா ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே “ம்” என்கிறாள். மறுநாள் விடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு மகளோடு ரோட்டில் ஏறுகிறாள்.