வெள்ளாத்து மேடும் இரண்டு பிளக்குகளும்

போன வாரம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் கடலூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். ஒரு லோடு ஆட்டோ சத்தமே இல்லாமல் வந்து என் காலை உரசுகிற மாதிரி நின்றது. பேட்டரி வண்டி. உள்ளே என் அக்கா புருஷன் கலியமூர்த்தி மாமா. தலை முழுக்க வெளுத்திருந்தது.

"ஏறு மச்சான். கடலூருக்குத்தான் போறேன்."

ஏறினேன். பஸ் காசு மிச்சமாகும் என்றால் எதிரி வண்டியிலும் ஏறுகிற ஆள் நான்.

கொஞ்ச தூரம் போனதும் ஹேண்டில்பாரைத் தட்டிக் காட்டினார். "இதுல பிளக்கே கெடையாது. ஒன்னால ஒன்னும் அராவ முடியாது." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். மூக்கு மட்டும் எதையோ தேடிக்கொண்டிருந்தது. வண்டியில் எந்த வாசனையும் இல்லை. நான் இளவயதில் ஓட்டிய வண்டிகளில் பெட்ரோல் நாற்றமும் மீன் கவிச்சியும் கலந்து, குளித்தாலும் போகாத ஒரு வாசனை இருந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அது எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒன்பதாவதில் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடமும் என்னைத் தேடவில்லை. செங்கல் சூளை, திருப்பூரில் சாயப்பட்டறை, நெய்வேலிப் பக்கம் ஒரு வெல்டிங் கடை என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பியபோது மாமாதான் கூப்பிட்டார். அவரிடம் பெட்ரோலில் ஓடும் பழைய மினி லாரி ஒன்று இருந்தது. விடியும்போது கடலூர் துறைமுகத்தில் மீன் பெட்டிகளையும் மீன்காரப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் மார்க்கெட்டில் இறக்க வேண்டும். "நல்லா ஓட்டக் கத்துக்க. அப்பறம் வண்டியே ஒன்னுதுதான்" என்றார். நம்பினேன். அன்றைக்கு நம்புவதற்கு வேறு எதுவும் என்னிடம் இல்லை.

சிதம்பரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வெள்ளாறு. பழைய பாலத்துக்கு ஏறுகிற மேட்டில் எங்கள் வண்டிக்கு இருமல் வந்துவிடும். ஒரு நாள் நான் ஓட்டும்போது இருமி இருமி நின்றே விட்டது.

"கொன்னுட்டியேடா வண்டிய! எறங்கித் தள்ளுடா" என்று மாமா என் இடத்துக்கு நகர்ந்தார்.

தள்ளினேன். செருப்பு வார் அறுந்தது. வண்டி கிளம்பியது, நிற்கவில்லை. பின்னால் இருந்த பெண்கள், "நிறுத்துய்யா, தம்பி ஏறட்டும்" என்று முதலில் கத்தினார்கள். அப்புறம் சிரித்துவிட்டார்கள். அவர்கள்மேல் கோபமில்லை. ஒற்றைச் செருப்போடு மீன் வண்டியைத் துரத்துகிறவனைப் பார்த்தால் நானும் சிரிப்பேன். நடந்து நடந்து மார்க்கெட் போய்ச் சேர்ந்தபோது என் சீட்டில் வேறு ஒருவன் உட்கார்ந்திருந்தான். "ஒனக்கு இது சரிப்படாது மச்சான்" என்றார் மாமா. சம்சாவைக் கடித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சம்சாவை நான் இன்னும் மறக்கவில்லை.

அதே மேட்டில் அவரை இறங்கித் தள்ள வைக்க வேண்டும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அது ஒன்றுதான் நினைப்பு.

ஒரு ஐஸ் வியாபாரியிடம் அதே மாதிரி வண்டி ஒன்று தூசி பிடித்துக் கிடந்தது. வாடகைக்குக் கெஞ்சி வாங்கி, அதே ரூட்டில் ஓட்டினேன். அதற்கும் அதே மேடு, அதே இருமல். அப்போதுதான் வெல்டிங் கடைக்கு வருகிற ஒரு பைக் பந்தயக்காரன் சொன்னது நினைவுக்கு வந்தது. இன்ஜினில் பெட்ரோலைப் பற்றவைக்கிற பிளக்கின் நுனியில் கொக்கி மாதிரி ஒரு கம்பி வளைந்திருக்கும். நடுக்கம்பியிலிருந்து பொறி அதற்குத் தாவும். கொக்கி பொறியைக் குடை மாதிரி மூடியிருக்கிறது, அதைப் பாதி வரை அராவிவிட்டால் பொறி வெளியே பார்க்கும், பெட்ரோல் நன்றாக எரியும் என்பது அவன் கணக்கு.

வண்டிக்கு இரண்டு பிளக். புது ஜோடி வாங்கி, அடுப்படியில் உட்கார்ந்து அரத்தால் தேய்த்தேன். அம்மா கத்தினாள். "சோத்துல இரும்புத்தூளு விழுதுடா! ஒங்க மாமன் மேல உள்ள கோவத்துக்கு நாங்க இரும்பத் திங்கணுமா?" முதல் ஜோடி பாழாய்ப்போனது. ஆத்திரத்தில் அதிகமாக அராவி, கொக்கி ஈர்க்குச்சி மாதிரி மெலிந்துவிட்டது. மாட்டினால் சூட்டில் ஒடிந்து இன்ஜினுக்குள் விழும். இரண்டாவது ஜோடி சரியாக வந்தது. பொறி தாவும் இடைவெளி சரியா என்று ஆக்ஸா பிளேடை நுழைத்துப் பார்த்து மாட்டினேன்.

மேட்டில் இருமல் நின்றது. பிளக்கை அராவினேன், வண்டி ஏரோப்ளேன் மாதிரி பறக்கிறது என்று துறைமுகம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பழைய பிளக்கைத் தூக்கிப்போட்டுப் புதுசை அப்படியே மாட்டியிருந்தாலும் இதே பலன் கிடைத்திருக்கலாம். அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் அந்த மேட்டில் ஹாரனை அழுத்திக்கொண்டே மாமாவைத் தாண்டினேன்.

மாசி மகத்துக்கு அக்காவும் மாமாவும் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால், பாழாய்ப்போன அந்த ஜோடியைத் துடைத்து, எண்ணெய் தடவி, பளபளவென்று ஜன்னலில் வைத்தேன். சாப்பிடும்போது மாமாவின் கண் இலையில் இல்லை. என்னவென்று கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். ஆனால் மச்சானிடம் ஒன்றைக் கேட்பது அவருக்குப் பாலத்தைவிடப் பெரிய மேடு. அவர்கள் கிளம்பிப் போனதும் பார்த்தேன். ஜன்னல் காலி.

மறுநாளும் ஒன்றுமில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு ஒரு காலையில் மேடு ஏறுகிறேன், பாதியில் மாமா வண்டி. சீட்டைத் தூக்கிவைத்து இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் வெயிலில் பெட்டிகளோடு நின்றார்கள்.

"ஐஸ் கரையுது தம்பி, ஏத்திக்க" என்றாள் அஞ்சலை அக்கா. அன்றைக்கு முதலில் சிரித்தவள் அவள்தான். எல்லோருடைய பெட்டிகளையும் என் வண்டிக்கு மாற்றினேன்.

மாமா கிட்டே வந்தார். "மச்சான், ஒரு கயிறு போட்டு இழுத்துட்டுப் போடா."

எவ்வளவு நாளாக நாக்கில் வைத்திருந்தேன் அதை! "எறங்கித் தள்ளுங்க மாமா."

பெண்கள் சிரித்தார்கள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனேன். என் சீட்டுக்கு வந்தவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, மாமா ஒற்றை ஆளாகத் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். பெண்கள் அதற்குப் பிறகு அவர் வண்டியில் ஏறவில்லை.

அக்கா வந்து சண்டை போட்டாள். "வேணும்னேதான வெச்ச?"

"வெச்சது நான்தான். எடுத்தது யாரு?"

அவள் விருட்டென்று கிளம்பிப் போனாள். அப்புறம் ரொம்ப நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு பேட்டரி வண்டியில் உட்கார்ந்திருந்தேன். மாமாவுக்கு எல்லாம் பழங்கதையாகிவிட்டது, அதனால் சிரிக்க முடிகிறது. எனக்கு அப்படி இல்லை. தள்ளியவர் அவர் ஒரு முறைதான். நான் அன்றைக்கு ஒற்றைச் செருப்போடு நடந்த தூரம் அந்தக் கணக்கில் அடங்காது. மேடு வரட்டும், இந்த வண்டியும் ஒருமுறை நிற்கட்டும் என்று காத்திருந்தேன். அந்த வார்த்தை அப்படியே நாக்கில் இருந்தது.

சாலை நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

"பாலம் இன்னும் வல்லியா மாமா?"

"தாண்டியாச்சேடா. நாலு வழி ரோட்டுல எங்கடா மேடு?"

திரும்பிப் பார்த்தேன். ஆறு பின்னால் போய்க்கொண்டிருந்தது. ஒருவரை இறக்கித் தள்ளவிட இந்தப் பக்கத்தில் இப்போது ஒரு மேடுகூடக் கிடையாது.