கெட்டியா இருக்கணும்

பெரம்பலூரில் படகு கட்டினேன் என்று சொன்னால் இன்றைக்கும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ரயிலே வராத ஊர்ல கப்பல் விடப் போறாராம் என்று டீக்கடையில் அப்போதே பேசிக்கொண்டார்கள். வளைகுடாவில் ஒரு படகுத் தளத்தில் பதினோரு வருஷம் பைபர் வேலை பார்த்துவிட்டு, 2002இல் ஊருக்குத் திரும்பி, ஹைவே ஓரமாக மூடிக் கிடந்த ஒரு கடலை மில் குடோனைப் பிடித்தேன். நான் கட்டியது மீன்பிடிப் படகு இல்லை. முப்பதடி நீளத்தில் ஒடுங்கலான இரண்டு தோணிகள், அவற்றை இணைக்க நடுவே ஒரு தளம், மேலே பாய்மரம், உள்ளே படுக்கை, அடுப்பு. குடும்பத்தோடு மாதக்கணக்கில் கடலில் இருக்கலாம். காற்று கிடைத்தால் மோட்டார் படகையும் முந்தும். இந்த வகைக்கு உலகம் முழுக்கக் கட்டமரான் என்று பெயர். நம்முடைய கட்டுமரத்திலிருந்து போன பெயர்தான். அதை ஊரில் சொன்னால், “கட்டுமரம்ங்கிறீங்க, மரத்தையே காணுமே” என்றார்கள்.

ஆர்டர் கொடுத்தவர் புதுச்சேரிப் பக்கம் கடற்கரையில் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர். வளைகுடாவில் என் கைவேலையைப் பார்த்தவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எடை. தோணி ஒன்று ஐநூறு கிலோவைத் தாண்டக் கூடாது. கனம் ஏறினால் தண்ணீரில் அமுங்கும், அமுங்கினால் ஓடாது, ஓடாத படகு எனக்கு எதற்கு என்றார். எடை சரியாக வந்தால் அவருடைய நண்பர்கள் இரண்டு பேருக்கும் நான்தான் கட்டித் தர வேண்டும். வராவிட்டால் முதல் படகோடு பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

உதவிக்கு என் மனைவியின் அண்ணன் வந்தார். அரியலூரில் கொத்தனார். எனக்காகக் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். பைபர் வேலையை ஒரே மாதத்தில் பிடித்துக்கொண்டார். நடுவில் நுரைப் பலகை, இரண்டு பக்கமும் மேட் என்கிற கண்ணாடி நார் விரிப்பு, அதன்மேல் ரெசின் என்கிற பசை பூசி, உபரி ரெசினை உருளையால் உருட்டி வெளியே தள்ள வேண்டும். காலை ஒன்பதுக்குள் முடித்தாக வேண்டும். அதற்குமேல் எங்கள் ஊர் வெயிலில் ரெசின் வாளியிலேயே கல்லாகிவிடும்.

“என்ன மாப்ள, பூசுறதையெல்லாம் திரும்ப உருட்டி எடுக்கச் சொல்றீங்க?” என்று சிரிப்பார்.

“சொன்னதைச் செய்யுங்க மச்சான்” என்பேன். ஏன் என்று ஒரு நாளும் விளக்கவில்லை. ஐநூறு கிலோ கணக்கையும் சொல்லவில்லை. வேலை நேரத்தில் யாராவது கேள்வி கேட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பெரிய படகு நிபுணன் என்ற நினைப்பு வேறு.

இரண்டு தோணிகளும் முடிந்து, மேல்பக்கத்தை மூடுகிற வேலை மட்டும் பாக்கி. பாய்மரம் வாங்க மூன்று நாள் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தாள். கிளம்பும் அவசரத்தில் மச்சானிடம் சொன்னேன்: “அடிப்பக்கம் கெட்டியா இருக்கணும், பாத்துக்குங்க.” அலை மோதினால் அடிப்பக்கம் வளைந்து கொடுக்கக் கூடாது, எங்கேயாவது இறுகாமல் இருந்தால் தட்டிப் பார்த்துச் சரி செய்யுங்கள் என்பதைத்தான் அப்படிச் சொன்னேன். “நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்” என்றார்.

நான் திரும்பியபோது மச்சான் மேல்பக்கத்தை மூடியே வைத்திருந்தார். அடுத்த வாரம், கடற்கரையில் வைத்து இணைத்துக்கொள்ளலாம் என்று, கம்பி ஏற்றுகிற நீள லாரி ஒன்றில் தோணிகளை ஏற்றி அரியலூர் வழியாகப் புதுச்சேரிக்குப் புறப்பட்டோம். எடைச் சீட்டு வேண்டும் என்று வெள்ளைக்காரர் சொல்லியிருந்ததால், சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடுகிற எடைமேடை ஒன்றில் ஏற்றினோம். வெறும் லாரியின் எடையைக் காலையிலேயே போட்டு வைத்திருந்தோம். சீட்டு வந்தது. இரண்டும் சேர்ந்து ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். கழித்துப் பார்த்தேன். ஆயிரத்து முந்நூற்று அறுபது. தப்பாகக் கழித்துவிட்டேன் என்று மறுபடி போட்டேன். அதே ஆயிரத்து முந்நூற்று அறுபது.

மச்சான் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. “நல்லா கனம் வந்துருக்குல்ல மாப்ள? நீங்க மெட்ராஸ் போயிருந்தப்ப உள்பக்கம் நாலு சுத்து மேட் கூடப் போட்டேன். ரெசினையும் உருட்டி எடுக்காம அப்படியே வுட்டுட்டேன். இனிமே எந்த அலையும் ஒண்ணும் பண்ணாது.”

லோடு ஆட்கள், எடைமேடைக்காரர், பின்னால் வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். “கொத்தனார் புத்தி எங்க போவும்? செவுரு கட்டுறவரைப் படகு கட்டக் கூட்டியாந்தேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்.” இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக் கூசுகிறது.

“கடல்ல போறவங்க உசுராச்சே மாப்ள” என்றார். அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். அவருடைய ஊர்தானே, நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். நான் லாரியைப் பெரம்பலூருக்கே திருப்பச் சொன்னேன்.

வெள்ளைக்காரர் போனில் எடையைக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கூடுதல் சுற்றுகளை மெஷின் வைத்துத் தேய்த்து எடுக்கப் பார்த்தேன். நுரைப் பலகையோடு பிய்ந்துகொண்டு வந்தது. மெஷினைத் தூக்கி எறிந்துவிட்டுத் தோணிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன்.

பத்து நாள் கழித்து, மச்சானைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனைவி சொன்னாள். “நீங்கதான கெட்டியா இருக்கணும்னு சொல்லிட்டுப் போனீங்க. நானும் அங்கதான நின்னேன்.”

நம் ஊரில் சட்னி கெட்டி என்றால் தண்ணீர் குறைவு. சுவர் கெட்டி என்றால் கனம் அதிகம். ஒரு கொத்தனாரிடம் கெட்டி என்று சொல்லிவிட்டு அவர் எதைச் செய்வார் என்று நான் எதிர்பார்த்தேன்? சொன்னதைச் செய்யுங்க என்றேன். சொன்னதைத்தான் செய்தார்.

அவர் பொங்கலுக்குப் பொங்கல் தங்கைக்குச் சீர் கொண்டுவருவதை நிறுத்தவில்லை. “நல்லாருக்கீங்களா மாப்ள” என்பார். குடோன் இருக்கிற பக்கம் மட்டும் போக மாட்டார். தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைப்பேன். கரும்புக் கட்டை இறக்கி வைப்பார், சாப்பிடுவார், பஸ் ஏறிவிடுவார்.

2007இல் ரோட்டை அகலப்படுத்த குடோனை இடிக்க வந்தார்கள். தோணிகளை வைக்க இடமில்லை, உடைக்கச் சொல்லிவிட்டேன். பொக்லைன் அடித்த முதல் அடிக்குப் பெயிண்ட் மட்டும் உதிர்ந்தது. ஓட்டியவர் இறங்கி வந்து கையால் தடவிப் பார்த்தார். “யாரு சார் செஞ்சது? இவ்ளோ கெட்டியா இருக்கு?”

உடைத்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மச்சானுக்குப் போன் போட்டுத் தோணிகளை உடைத்துவிட்டதைச் சொன்னேன்.

“எல்லாம் என்னாலதான் மாப்ள” என்றார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி வுடுங்க மச்சான்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.