உமாதேவி துடைக்கச் சொன்ன திராட்சை

உத்தமபாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற உமாதேவிக்கு முப்பத்தொரு வயது. சொந்த ஊர், வேட்டை நாய்க்குப் பேர்போன கோம்பை. ஆதார் திருத்தம், பட்டா நகல், பரீட்சை விண்ணப்பம் என்று நாள் முழுக்க அடுத்தவர் பெயரைத் தட்டச்சு செய்கிற வேலை. கடைக்கு வரும் விவசாயிகளிடம் அவள் ஒரு கேள்வி கேட்பாள்: "உங்க பழத்துக்கு வெலை சொல்றது யாரு?" அதற்கு ஒருவர்கூட 'நான்தான்' என்று சொன்னதில்லை. அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த எரிச்சலில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனாள். போனில் படம் எடுப்பது, வாட்ஸ்அப்பில் கடை திறப்பது, தோட்டத்துக்கு வழி காட்டும் லொகேஷனை அனுப்புவது எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். "இதுல ஒனக்கு என்ன லாபம்?" என்று கேட்டால், "எரிச்சல் அடங்கும்" என்பாள்.

முழுதாகக் கற்றுக்கொண்டவர் ராயப்பன்பட்டி பவுனு. கணவர் லாரி ஓட்டப் போய்விடுவார். ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் பவுனுவின் பொறுப்பு. ஒவ்வொரு அறுப்புக்கும் தரகர் சுருளியாண்டி வருவார். பந்தலுக்குள் நுழைந்து, கண்ணில் பட்ட குலையில் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போடுவார். கொட்டையைத் துப்பிவிட்டு விலையைச் சொல்வார். மறுநாள் அவருடைய ஆட்களே கத்தரியோடு வந்து அறுத்துப் போவார்கள். எதிர்த்துப் பேசிய தோட்டத்துக்கு மட்டும் வண்டி ஒரு வாரம் தள்ளி வரும். பழுத்த திராட்சை ஒரு வாரம் காத்திருக்காது.

"இந்தத் தடவை நம்மளே விப்போம்க்கா" என்றாள் உமாதேவி.

"விக்கலாம். ஆனா போனை மூஞ்சிக்கு நேரா நீட்டுனா எனக்குத் தும்மல் வருதே" என்றார் பவுனு.

மதுரையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் குலைகளின் படத்தைப் போட்டார்கள். நாற்பது பெட்டி கேட்டார்கள். கூடவே ஷெரின் என்ற பெண் எழுதினாள்: "பழத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, மருந்தா?" உடனே மற்றவர்களுக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

"ஈரத்துணியால தொடைச்சிருவோம்க்கா. பளபளன்னு ஆயிரும்."

"ஏத்தா, திராட்சையில கை படக்கூடாது. காம்பைப் பிடிச்சுத்தான் தூக்கணும். மேல படிஞ்சிருக்க அந்த வெள்ளைச் சாம்பல் போச்சுன்னா பழம் தாங்காது."

"அவுக படத்தைப் பாத்துத்தான வாங்குறாக? மதுரைக்கு ஒரு ராத்திரிப் பயணம்தானக்கா."

உமாதேவி வீட்டில் தென்னை. தேங்காயை எப்படித் துடைத்தாலும் ஒன்றும் ஆகாது. போனைப் பற்றித் தெரிந்தவள் பழத்தைப் பற்றியும் தெரிந்தவளாகப் பேசினாள். பவுனுவும் அரை மனதோடு துணியை நனைத்தார். துடைத்த பழம் நாற்பது பெட்டியும் அன்று ராத்திரியே மதுரை வண்டியில் ஏறியது.

மறுநாள் காலையில் மதுரையிலிருந்து படங்கள் வந்தன. அடிப்பக்கம் ஊறிப்போன அட்டைப் பெட்டிகள். தோல் வெடித்த பழங்கள். சுற்றிலும் கொசுவைப் போலச் சின்னச் சின்ன ஈ. "இதைத்தான் அனுப்புவீர்களா?" என்று ஷெரின் கேட்டிருந்தாள்.

மதியத்துக்குள் சுருளியாண்டி கடை வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, ஜெராக்ஸ் கடையில பழச்சாறும் போடுறியாமே?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். உமாதேவி தலையைத் தூக்கவில்லை.

"பவுனு பழத்தைப் பாதி வெலைக்கு நான் அறுத்துக்கிறேன். அந்தப் போன் கடையை அழிச்சிட்டு வரச் சொல்லு அவளை. இல்லேன்னா என் ஆளுக அங்கன கால் வைக்க மாட்டாக. பந்தல் மொத்தமும் அழுகட்டும்."

இன்னும் ஆறு நாள்தான் பழம் கொடியில் நிற்கும். அது அவளுக்கும் தெரியும். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அழிக்க மாட்டோம்ணே."

"கோம்பைக்காரியில்ல, கவ்வுனா விடமாட்ட."

"எங்கூரு நாயைப் பத்தித் தெரிஞ்சும் வாசல்ல வந்து நிக்கிறீகளே, தைரியந்தான்" என்றாள். இந்தத் தடவை கடையில் நின்றவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சொல்லிவிட்டாளே தவிர, பவுனுவின் முன்னால் போய் நின்றபோது அழுகைதான் வந்தது. பவுனு பந்தல் கம்பியை முறுக்கிக்கொண்டே நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அழுதது போதும். நான் சொன்னதைக் கேக்காம செஞ்ச. இப்ப நான் சொல்றதைப் படம் எடு."

உமாதேவி போனைப் பிடித்தாள். பவுனுவுக்குத் தும்மல் வரவில்லை. ஒரு குலையைக் காம்பில் பிடித்து உயர்த்தி, ஒரே ஒரு பழத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். அது கறுத்து மின்னியது.

"இந்த வெள்ளை பழத்துலயே ஊறி வர்றது. மருந்து எப்படி இருக்கும்னு பாருங்க" என்று ஒரு இலையைத் திருப்பிக் காட்டினார். நீலநீலமாகத் திட்டு ஒட்டியிருந்தது. "மருந்து அடிக்காம இங்கன திராட்சை வராது. நான் பொய் சொல்ல மாட்டேன். கடைசியா அடிச்சு இருபத்தினாலு நாளாச்சு, காலண்டர்ல குறிச்சிருக்கேன். கழுவித்தான் திங்கணும். ஆனா திங்கிறப்பக் கழுவுங்க. வாங்குறதுக்கு முன்னாலயே எங்களைக் கழுவச் சொல்லாதீக."

பிறகு உமாதேவி போனைத் தன் பக்கம் திருப்பினாள். "தொடைக்கச் சொன்னது நான். தப்பு என்னோடது, பழத்தோடது இல்ல. குடுத்த பணம் எல்லாருக்கும் திரும்ப வரும்."

சாயங்காலம் ஷெரின் மட்டும் இரண்டு பெட்டி கேட்டாள். அது போய்ச் சேர்ந்த அன்று அவள் போட்ட படத்தில் பழமே இல்லை. தின்று முடித்த வெறுங்காம்பு மட்டும் தட்டில் கிடந்தது. அதன் கீழே, "இன்னும் நான்கு பெட்டி." அதற்கப்புறம் அந்தப் படம் குழு விட்டுக் குழு போய், பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்தும் நூற்றுக்கணக்கில் பெட்டி கேட்டார்கள்.

அறுக்கத் தரகரின் ஆட்கள் வரவில்லை. தோட்ட வேலைக்கு வரும் நான்கு பெண்களோடு பவுனுவே கத்தரியை எடுத்தார். உமாதேவியும் கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். அவள் விரல் பழத்துப் பக்கம் போனபோதெல்லாம், "காம்பு!" என்று ஒரு அதட்டல் விழுந்தது. கழுத்து வலித்தது. தலையெல்லாம் சருகு.

ஐந்தாம் நாள், வாய்க்கால் ஓரத்து இரண்டு வரிசை மட்டும் மிச்சம் இருந்தது. அதற்கு ஆர்டர் இல்லை. விட்டால் அழுகும் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குத்தான் சுருளியாண்டி வந்தார். பெட்டிகளைப் பார்த்தார். வழக்கம்போல மிச்சக் குலையில் ஒன்றைப் பிய்க்கக் கையை நீட்டினார்.

பவுனு அவர் கைக்கும் குலைக்கும் நடுவில் வந்து நின்றார்.

"கை படக்கூடாதுண்ணே. வேணும்னா நானே அறுத்துத் தாரேன்."

"அப்ப வெலை?"

இத்தனை வருடத்தில் அந்தத் தோட்டத்தில் அவர் விலை கேட்டது அதுதான் முதல் தடவை. பவுனு உமாதேவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்து தன் போனை எடுத்து, தன் விரலாலேயே கடையைத் திறந்து அவர் முன்னால் நீட்டினார்.

"இங்கன போட்டிருக்கு, வாசிச்சுப் பாருங்க. பழம் அழுகுனாலும் அதுல ஒரு ரூவா கொறையாது."